ஏற்காட்டில் அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

ஏற்காட்டுக்குக் குளிருக்காகப் போவார்கள், படகு சவாரிக்காகப் போவார்கள். நானும் அப்பாவும் போனது ஓர் அலுமினியப் பெட்டியைச் சோதித்துப் பார்க்க. அதற்குள் இருந்தது, நானே செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்.

அப்பா சேலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என முப்பது வருடம் குழாய் ஸ்பீக்கர்களின் பக்கத்திலேயே நின்றவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து போனில் பழைய பாட்டுகள் கேட்கிறார். வால்யூமை முழுசாக வைத்தாலும், "சத்தம் பத்தலை கண்ணு" என்பார்.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் பழைய ஹெட்போனைக் கொடுத்தார். அது 250 ஓம் வகை. அதற்குப் போன் தரும் வோல்டேஜ் போதாது. நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வாங்குவானேன், செய்வோம் என்று இறங்கிவிட்டேன்.

சூ மோய் என்பவர் வடிவமைத்து எல்லோருக்கும் பொதுவில் கொடுத்த 'சிமோய்' சர்க்யூட்தான், வீட்டில் ஆடியோ கருவி செய்கிறவர்கள் பலருக்கும் முதல் பாடம். சின்ன மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். இரண்டு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் உள்ள ஓர் ஐ.சி., சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் குமிழ். சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்தது.

செய்து முடித்த பிறகுதான் சிக்கல். ஃபேன், பஸ், பக்கத்து வீட்டு டி.வி. என்று எங்கள் தெருவில் இருக்கும் இரைச்சலில், ஆம்ப்ளிஃபயர் தானாக இரைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "ஏற்காடு போலாமா?" என்றார் அப்பா.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏற்காடு சாலையில், டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்ததும் அப்பா கும்பிட்டுக்கொண்டார். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் காது அடைத்து, பிறகு திறந்தது.

இரவு அறையில் சோதனை. போனைச் சார்ஜரில் போட்டபடி மாட்டினால் 'ம்ம்ம்' என்று மெல்லிய உறுமல். சார்ஜரைக் கழற்றியதும் அது போய்விட்டது. ஆனால், 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் மிச்சம். காரணம் புரிந்தது. 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்ற ரெசிஸ்டர் ஜோடி, பாட்டை 11 மடங்கு பெருக்குகிறது. இரைச்சலையும் கூடவே பெருக்குகிறது. அப்பாவுக்கு 3 மடங்கே போதும். 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் சால்டர் வைத்தேன். இரைச்சல் அடங்கியது.

பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி ஜன்னலைத் திறந்தார்.

"என்ன அமைதி பாரு கண்ணு. ஒரு பூச்சி சத்தம்கூட இல்லை."

வெளியே சில்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன.

அதிக சத்தம் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய முடி செல்களை அழிக்கும். பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். போன செல்கள் மறுபடி வளராது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். குழாய் ஸ்பீக்கர் அருகே 100 டெசிபல் தாண்டுவது சாதாரணம். அப்பாவுக்குப் பத்தாமல் போனது சத்தம் அல்ல, தெளிவு. அதை எந்த ஆம்ப்ளிஃபயரும் திருப்பித் தராது.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 5,326 அடி உயரத்தில் குகைக்குள் சாமி. மே மாதத் திருவிழாவுக்குத் தான் குழாய் கட்டிய இடத்தை அப்பா காட்டினார். இந்த மலைத்தொடரில் வெட்டிய பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூருக்குப் போய் அலுமினியமானது. வெளி மின்அலைகள் பாட்டில் கலக்காமல் காக்க நான் தேர்ந்தெடுத்த பெட்டியும் அலுமினியம்தான் என்றதும், தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து, குமிழின் பாதியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். "இதைத் தாண்டக் கூடாதுப்பா."

"மைக் செட்காரனுக்கே கோடு போடுறியா?"

இறங்கும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. அடிவாரம் வந்ததும் கேட்டார்: "ராத்திரி பூச்சி நெறைய கத்துச்சா கண்ணு?"

"நெறையப்பா."

சேலத்தில் இறங்கியதும் காது டாக்டரிடம்தான் போனோம். உங்கள் வீட்டிலும் யாராவது 'சத்தம் பத்தலை' என்று சொன்னால், வால்யூமைக் கூட்டுவதற்கு முன் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.