மரமில்லாத காட்டில் மான் தேடி...

"மான் வேட்டை பார்க்கப் போகிறேன்" என்று நான் சொன்னதும், புளி கரைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"மானையா சுடுவார்கள்?"

"ஸ்காட்லாந்தில் சுடுவார்கள். நான் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை. கூடப் போய்ப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்."

"பெண் மானையுமா?"

"குளிர்காலத்தில் முக்கியமாகப் பெண் மானைத்தான் சுடுவார்களாம்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூடக் குட்டி இருந்தால்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியையும் கம்பளிச் சட்டைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், டீ நதிக்கரையில் இருக்கிறது பிரேமர் என்ற சிற்றூர். டீ நதி என்றதும் வாசகிகள் கோப்பையும் கையுமாகக் கிளம்பிவிட வேண்டாம். பெயர்தான் டீ, ஓடுவது பனி உருகிய தண்ணீர்! விக்டோரியா மகாராணிக்காக 1852-ல் வாங்கப்பட்ட பால்மோரல் மாளிகையும் இதே நதிக்கரையில்தான் இருக்கிறது. பிரிட்டனில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 27.2 டிகிரி. 1895-லும் 1982-லும் அந்தக் குளிரைக் கண்ட பெருமை பிரேமருக்கு உண்டு. நான் போன ஜனவரியில் அவ்வளவு இல்லை. ஆனாலும் மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்து மலைகளுக்கு 'மான் காடு' என்று பெயர். காடு என்றால் நம் மனத்தில் எழும் சித்திரம் என்ன? மரங்கள், கொடிகள், நிழல். இங்கேயோ கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை மலை. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற பழுப்புநிறப் புதர், பாறை, சேறு, பனி. ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. 'இங்கே மானைக் கண்டுபிடிப்பது என்ன பிரமாதம்?' என்று நினைத்தேன். அந்த அகம்பாவம் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

என்னை அழைத்துப் போனவர் அறுபது வயதைத் தாண்டியவர். 'ஸ்டாக்கர்' என்பது அவர் உத்தியோகம். மான் இருக்குமிடம் அறிந்து, அது அறியாமல் அருகே போவதுதான் வேலை. இலையுதிர் காலத்தில் கொம்புள்ள ஆண் மானைச் சுடப் பணக்கார விருந்தாளிகள் வருவார்கள். அக்டோபர் 21-லிருந்து பிப்ரவரி 15 வரை பெண் மான்களைச் சுடும் பருவம். அதற்கு அவ்வளவு கூட்டம் வராது. குளிரில் தவழ்ந்து போய்க் கொம்பில்லாத மானைச் சுடுவதில் யாருக்கு என்ன பெருமை? அந்த வேலை பெரும்பாலும் பெரியவரைப் போன்றவர்களின் தலையில்தான் விழுகிறது.

எட்டரை மணிக்கு மேல்தான் விடிந்தது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாம். பெரியவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் மலையைப் பார்க்கவில்லை. ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். அது போன திசையைப் பார்த்துவிட்டு, "நாம் இந்த வழியாகப் போக முடியாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும்" என்றார்.

"எவ்வளவு தூரம்?"

"நாலு மைல்."

மானின் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது என்றார் அவர். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் போதும். நாம் வருவது அதற்குத் தெரிந்துவிடும். அந்தக் காற்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மலைச்சரிவில் மோதித் திரும்புகிறது, பள்ளத்துக்குள் சுழல்கிறது.

வழியெல்லாம் பெரியவர் பனியைப் படித்துக்கொண்டே வந்தார். ஆம், நாம் பத்திரிகை படிப்பது போல! குளம்புச் சுவட்டின் ஓரம் உதிரியாக இருந்தால் புதிது. இறுகிக் கண்ணாடி போலாகியிருந்தால் பழசு. புழுக்கை உறையாமல் மிருதுவாக இருந்தால் மான் சற்று முன்தான் போயிருக்கிறது. பனியைக் காலால் விலக்கி ஹெதரைக் கறித்த இடம் ஒன்று. இரவெல்லாம் படுத்திருந்த உடம்பின் சூட்டில் பனி உருகிப் பள்ளமாகிய இடம் ஒன்று. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை என்னிடம் நீட்டி, "எதிர்ச் சரிவில் நாற்பது இருக்கின்றன, பாருங்கள்" என்றார். பார்த்தேன். பாறைகள் இருந்தன, பனித் திட்டுகள் இருந்தன. நாலைந்து நிமிஷம் கழித்து ஒரு பாறை காதை அசைத்தது! மறுகணம் பாறைகளெல்லாம் மான்களாகிவிட்டன. சிவப்பு மான் என்று பெயரே தவிர, குளிர்காலத்தில் அதன் ரோமம் மங்கலான சாம்பல் பழுப்பு. பனி எங்கும் மூடியிருந்தால் மான் தெரியும், ஆனால் நாமும் தெரிவோம். திட்டுத் திட்டாக இருந்தால் இரண்டு பேருமே தெரியமாட்டோம். இதுதான் குளிர்காலத்தின் கண்ணாமூச்சி.

இன்னொரு தொல்லை, இந்தப் பருவத்தில் அவை மந்தையாகச் சேர்ந்துவிடுகின்றன. நாற்பது மான் என்றால் எண்பது கண்கள், நாற்பது மூக்குகள். மந்தைக்கு ஒரு கிழட்டுப் பெண் மான் தலைவி. மற்றவை மேயும்போது அவள் தலையை நிமிர்த்தி நிற்பாள். கூட்டுக் குடும்பத்தில் பாட்டி நடையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பது எனக்கு நினைவு வந்தது.

முதல் முயற்சி என்னால் கெட்டது. உறைந்த பனியின் மேல்தோடு என் பூட்ஸுக்கடியில் அப்பளம் போல நொறுங்கியது. உடனே பாறையடியிலிருந்து டார்மிகன் என்ற வெள்ளைப் பறவை ஒன்று கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது. தலைவி ஒரு தரம் நாய் போலக் குரைத்தாள். மந்தை முகட்டைத் தாண்டி மறைந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. துரத்தவும் இல்லை. "குளிரில் ஓட விடக் கூடாது. கோடையில் சேர்த்த கொழுப்புதான் அவற்றுக்கு வசந்தம் வரையில் சாப்பாடு" என்றார்.

சுடப் போகிறவரே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

இரண்டு மணிக்கு வேறொரு பள்ளத்தாக்கில் ஏழு மான்களைக் கண்டோம். நடுவே ஓர் ஓடை. அதற்குள் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் குனிந்தும் தவழ்ந்தும் முக்கால் மணி நேரம் போனோம். விரல்கள் என்னுடையவைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கரையில் தலையைத் தூக்கியபோது நூற்றைம்பது கஜத்தில் ஒரு மெலிந்த பெண் மான். அதை ஒட்டிக்கொண்டு குட்டி.

"குட்டி இருக்கிறதே!" என்று கிசுகிசுத்தேன்.

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. "அதையும்தான்" என்றார்.

இரண்டு வெடிகள். இரண்டுக்கும் நடுவே நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன். பிறகு மலை மறுபடியும் நிசப்தமாகிவிட்டது.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார். வேலையெல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: "ஜூனில் பிறந்த குட்டி. தாய் இல்லாமல் இந்தக் குளிரைத் தாண்டுவது அரிது. பட்டினி கிடந்து, வாரக் கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியை விடுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை."

நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் மானை வேட்டையாடத் தடை விதித்திருக்கிறது. நமக்குப் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மானுக்கு எதிரியாக இருந்த ஓநாய் பதினெட்டாம் நூற்றாண்டோடு பூண்டற்றுப் போயிற்று. இன்று அங்கே 55 லட்சம் மக்கள். நாலு ஜாதி மான்களும் சேர்ந்து சுமார் 10 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். முளைக்கிற பைன் கன்றுகளையெல்லாம் மான்கள் கறித்துவிடுகின்றன. கிழ மரங்கள் சாய்ந்தால் அவற்றின் இடத்தில் வேறு மரம் வருவதில்லை. உச்சிக் குளிரில் ஒதுங்க நிழலில்லாமல் மான்களே கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும் வருஷங்களும் உண்டு.

மறுநாள் பிரேமருக்கு மேற்கே மார் லாட்ஜ் எஸ்டேட்டுக்குப் போனோம். 1995-ல் அதை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கியது. மான்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. நூற்றாண்டு கண்ட பைன்களுக்கடியில், வேலி இல்லாமலே, இடுப்புயரமும் ஆளுயரமுமாக இளங்கன்றுகள் பனியைத் தலையில் சுமந்து நின்றன. பெரியவர் ஒரு கன்றின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். "கறிக்கவில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அவர் ஆயுளெல்லாம் ஓடையில் தவழ்ந்தாரோ என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் மனைவி முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். மறைக்காமல் சொன்னேன். குட்டியைப் பற்றிச் சொன்னேன். பட்டினியைப் பற்றிச் சொன்னேன். பைன் கன்றுகளையும் ஓநாயையும் பற்றிச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த ஓநாய்களை யார் கொன்றது?" என்றாள் கடைசியில்.

"மனிதர்கள்தான்."

"அப்படியென்றால் அந்தப் பெரியவர் பாவம். யாரோ செய்ததற்கு அவர் அல்லவா மலை மலையாக ஏறிக் கணக்குத் தீர்க்கிறார்!" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியைச் சுட வைக்க உள்ளே போனாள்.