அகப்பட்ட மாமா

என் அக்கா மகள் எம்.காம். கடைசி வருஷம். ஆய்வேட்டுத் தலைப்பு, திண்டுக்கல் பூட்டுத் தொழில். "நம்ம பூட்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கெடைச்சாச்சு. இன்னும் என்னடி ஆய்வு?" என்றேன். முறைத்தாள்.

நான் பி.காம். படித்தபோது ப்ராஜெக்ட் என்றால் காகிதக் கட்டு. பஸ் ஏறிப் போய், ஸ்டாஃப் ரூம் வாசலில் தவம் கிடந்து, சிவப்பு மைக் காயங்களோடு திரும்ப வேண்டும். இவளுக்கோ கூகுள் டாக்ஸ்! இவள் தட்டுவதை கைடு மேடம் தன் வீட்டிலிருந்தே படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பல பேர் பழகியது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசி அத்தியாயம் நகரவில்லை. "மாமா, நீங்கதான் பத்திரிகையில எழுதுறீங்களே..." என்று இழுத்தாள். புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் உண்டா? லிங்க்கை வாங்கி, ஒரே ராத்திரியில் நாலு பக்கம் விளாசினேன். பூட்டுத் தொழிலாளியின் கண்ணீரை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. என்னுடையதோ முழுக்கச் சொந்தச் சரக்கு. எந்த சாஃப்ட்வேர் பிடிக்கும்? நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஓரத்தில் ஒரு குறிப்பு. "ராத்திரி 10.40-க்கு மேல் எழுதியவர் யார்?"

யார், எப்போது, எதை எழுதினார்கள் என்று பேரோடு, ஆளுக்கொரு நிறத்தில் காட்டும் வசதி அதில் உண்டாம். நான் பச்சை!

அவள் அழுதாள். மேடம் திட்டவில்லை. இன்னொரு குறிப்புதான் வந்தது. "கண்ணீர் விட்ட தொழிலாளி எந்தப் பட்டறை? ஒரு நாளைக்கு எத்தனை பூட்டு செய்வார்?"

எனக்குத் தெரியாது. நான் பட்டறைப் பக்கமே போனதில்லை.

அவள் போனாள். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள்.

"அவர் அழவே இல்ல மாமா. 'அலிகார் பூட்டு வெலைக்கு எங்களால குடுக்க முடியலம்மா. என் பையனுக்கு இந்த வேலை வேணாம்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

என் நாலு பக்கத்தையும் அழித்துவிட்டு, ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஓரத்தில் மேடம் எழுதியது ஒரே வரி. "இதுதான் உன்னுடையது."

அழித்தாலும் பழைய பிரதி உள்ளே பத்திரமாக இருக்குமாம். என் மானம் போன தேதி, நேரம், நிறம் எல்லாம் அங்கே இருக்கிறது. அதைப் போட்டுப் பூட்டத்தான் திண்டுக்கல்லில் பூட்டு இல்லை!