மூத்தவளின் பாடவேளை

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னுடைய பிள்ளைகள் மூவர், கொழுந்தனாரின் பிள்ளைகள் இருவர். பொள்ளாச்சிப் பக்கம், கூட்டுக் குடும்பம். கொழுந்தனாரும் ஓரகத்தியும் மில் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளை ஹோம்ஸ்கூலில் படிக்க வைப்பது என்று முடிவானபோது, வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதும் நான்தான் ஐவருக்கும் டீச்சர் என்பதும் பேச்சில்லாமலே முடிவாகிவிட்டது.

முதலில் பள்ளிக்கூடம் மாதிரியே டைம்டேபிள் போட்டேன். ஐந்து பேருக்கும் ஐந்து பாடம், பாடத்துக்கு 40 நிமிடம். கூட்டினால் 1000 நிமிடம். பதினாறரை மணி நேரத்துக்கும் மேலே போகிறது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகள் நெருங்கினால் எனக்குப் பிள்ளைகளோடு உட்கார முழுசாக ஒரு பொழுதுகூடக் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் ஆண்ட்ரூ பெல்லைப் பற்றிப் படித்தேன். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லப் பள்ளியைப் பொறுப்பேற்ற பாதிரியார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், சின்ன வகுப்பை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் விட்டார். அது பலித்தது. 1797இல் லண்டனில் புத்தகமாக எழுதினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பல பள்ளிகளுக்குப் போனது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதானே இது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டிலேயே ஒரு சட்டாம்பிள்ளை இருந்தாள். என் மூத்தவள், பதினான்கு முடிந்தவள். சின்னவனுக்கு எழுத்து, கொழுந்தனார் மகனுக்கு வாசிப்பு, மகளுக்கு வகுத்தல் கணக்கு என்று ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போயின. அவளும் நன்றாகவே செய்தாள். வாசிக்கத் திணறியவன் அவளிடம் ஒரே மூச்சில் கதை படித்தான். எப்படி ஐந்து பேரைச் சமாளிக்கிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அவளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்திருந்தோம். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு உண்டு. அந்த மதிப்பெண்ணும் சேரும். ஒரு ராத்திரி, கணக்கு வேலை முடிந்த பிறகு, அறிவியல் ஒப்படைப்பை எடுத்துவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் பெயரையும் பதிவு எண்ணையும் அழகாக எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதற்கடுத்ததையும் திருப்பினேன். எல்லாம் வெறுமை.

"என்னம்மா இது?"

"இவங்களுக்கெல்லாம் முடிச்சிட்டு எழுதலாம்னு இருந்தேன்மா."

"எப்ப முடியும் அது?"

"சின்னவன் தூங்கினப்புறம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. குரலில் கோபம்கூட இல்லை. அது நான் தினமும் சொல்லும் வாக்கியம். துணி மடிக்க, கணக்குப் பார்க்க, சாப்பிட, எல்லாவற்றுக்கும் நான் சொல்லும் நேரம் அதுதான். பக்கத்துப் பாயில் பன்னிரண்டு வயது மகன் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அன்று படித்து முடித்துவிட்டான், விளையாடியும் முடித்துவிட்டான். தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று அவனிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. அவனும் அண்ணன்தானே? எனக்குக் கிடைத்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஏப்ரலில் அவள் அறிவியல் எழுதவில்லை. பாடங்களைப் பிரித்து எழுத அங்கே வழி இருக்கிறது என்பதால் அக்டோபருக்குத் தள்ளினோம். பத்தாம் வகுப்பை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதை நான் பிறகு அவள் சித்தி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பெல்லின் கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சொல்லிக்கொடுத்த பையனும் அங்கே மாணவன்தான். அவன் படிப்பைக் கவனிக்க அவனுக்கு மேலே ஆள் இருந்தது. நான் அந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

என் சின்னம்மா அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2007க்குப் பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் வேலை செய்தவர். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, ஏணிப்படி வரிசையில் தன் அட்டையைத் தானே எடுத்துப் படிக்கும் முறை அது. அவரைக் கூட்டிவந்து கணக்குக்கும் தமிழுக்கும் அட்டைகள் செய்தோம். சின்னவர்கள் இப்போது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வரலாறும் அறிவியல் கதைகளும் ஐவருக்கும் சேர்த்து ஒரே தடவை, சாப்பாட்டுக்கு முன்னால். 11, 20 தேதிகளில் பாடமே கிடையாது. தாத்தாவோடு தோப்புக்குப் போய்விடுவார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பெரியவனின் வேலை. பொறுமை போதாது அவனுக்கு, பழகிக்கொண்டிருக்கிறான். காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முந்திய நேரம் மூத்தவளுக்கும் எனக்கும் மட்டும்.

அக்டோபரில் அறிவியல் எழுதித் தேறிவிட்டாள். ஆனாலும் சின்னவன் "அக்கா" என்று கூப்பிட்டால் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். நீ உட்காரு, நான் போறேன் என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.