பதியாத படச்சுருள்

நம் தமிழ் வருடங்கள் அறுபது. ஒருவர் பிறந்த வருடம் அந்தச் சுழற்சியில் மீண்டும் வந்து சேர்வதையே சஷ்டியப்த பூர்த்தி என்று கொண்டாடுகிறோம். என் தந்தையார் பிறந்தது 1929ஆம் ஆண்டு, சுக்ல வருடம், ஆவணி மாதம். அந்தச் சுக்ல வருடம் மறுபடி வந்தது 1989இல். மயிலாடுதுறைவாசிகளான எங்களுக்குத் திருக்கடையூர் அதிகத் தொலைவில்லை. மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த பெருமானின் சந்நிதியிலேயே அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. புகைப்படக்காரரை அமர்த்துவது பற்றிப் பேச்சு வந்தபோது, "எதற்கு? நான் இருக்கிறேனே!" என்றேன்.

அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இருந்தது. பதினைந்து வயதில் மாமா கொடுத்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் தொடங்கிய பித்து அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். அடுத்த சுருள் வாங்கக் காசு சேர மாதங்கள் ஆகும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் யோசித்து யோசித்து எடுப்பேன். ஐப்பசிக் கடைமுழுக்கில் துலாக் கட்டத்துக் கூட்டத்தை எடுப்பதற்காக விடியற்காலையிலிருந்து நீரில் நின்று காய்ச்சலில் படுத்ததுண்டு. "முதலில் ஒரு வேலை. பிறகு இதெல்லாம்" என்பார் அப்பா. அவர் சொன்னது தவறில்லை. 1981இல் வங்கி வேலை கிடைத்தது. சேமித்த பணத்தில் ஒரு யாஷிகா கேமரா வாங்கினேன்.

அன்று திருக்கடையூரில் கோபூஜை, கஜபூஜை, கலச பூஜை, ஹோமம் என ஒவ்வொன்றாக எடுத்தேன். கலசாபிஷேகத்தின்போது இருவரும் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியையும், அப்பா மறுபடியும் அம்மாவுக்குத் தாலி கட்டிய கணத்தையும் விடவில்லை. கேமராவில் எண்ணிக்கை 36ஐத் தாண்டி 38க்குப் போனது. சுருள் கொஞ்சம் நீளம்போலும் என்று மகிழ்ந்துகொண்டேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஸ்டூடியோக்காரர் சுருளை வாங்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சார், ஃபிலிம் ஓடவே இல்லையே!" சுருளின் முனை உள்ளேயிருந்த உருளையில் மாட்டவில்லை. நெம்புகோலைத் தள்ளும்போதெல்லாம், இடப்பக்கத்துத் திருகும் கூடவே சுழல்கிறதா என்று ஒரு தடவை கவனித்திருந்தால் போதும். கவனிக்கவில்லை. முப்பத்தெட்டு முறையும் எதையும் பதியாமலே அழுத்தியிருக்கிறேன்.

அப்பா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அபிராமி பார்த்தாளே, போதாதா?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அம்மா அதுவும் சொல்லவில்லை. யாஷிகாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதவி உயர்வு, இடமாற்றம், வாராக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது ஆண்டுகள் போயின. 2003இல் அப்பாவும் போய்விட்டார். வீட்டு விசேஷங்களில் யாராவது கேமராவை நீட்டினால், கை சரியில்லை என்று நழுவிவிடுவேன்.

2019, விகாரி வருடம். என் பிறந்த வருடம் திரும்பி வந்த அதே ஆண்டில்தான் பணி ஓய்வும் பெற்றேன். எனக்கு மணிவிழா வேண்டாமென்று பிடிவாதமாக மறுத்துவிட்டேன். காரணத்தை மனைவி மட்டும் அறிவாள். மகள் ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மாதம் பெட்டியைப் பிரிக்கவில்லை. பிறகு பிரித்தேன். கோயில் கோயிலாகப் போனேன். தாராசுரத்தில் நாயன்மார் வரலாற்றைச் சொல்லும் சின்னஞ்சிறு சிற்பங்களின் மீது சாய்வாக வெயில் விழும் வேளைக்காகக் காத்துக் கிடந்தேன். பார்த்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

முதல் தொழில்முறை அழைப்பு 2022இல் வந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் அண்ணனுக்குச் சஷ்டியப்த பூர்த்தி. இடம், திருக்கடையூர். மறுத்துவிடலாமென்றுதான் வாயைத் திறந்தேன். "வருகிறேன்" என்று வந்துவிட்டது. கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்கள். பிறர் கடன் விண்ணப்பங்களில் லாப நட்டத்தை ஆயிரம் முறை அலசியவனுக்குத் தன் உழைப்புக்கு ஒரு தொகை சொல்லத் தெரியவில்லை! மனைவி பக்கத்திலிருந்து விரல்களைக் காட்டினாள்.

முதல் நாள் இரவு உறக்கமில்லை. இக்காலக் கேமராவில் இரண்டு அட்டைகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி உண்டு. ஆயினும் பத்துப் படத்துக்கு ஒருமுறை பின்புறத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே பிராகாரத்தில் வரிசையாகப் பல தம்பதியர். ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. கலசாபிஷேகத்தில் தண்ணீர் லென்ஸிலும் தெறித்தது. துடைத்துக்கொண்டு எடுத்தேன். தாலி கட்டும் கணத்தில் கை நடுங்கியது. ஒன்றுக்கு ஆறாக எடுத்துக்கொண்டேன்.

தரிசனத்துக்கு உள்ளே சென்றபோது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தக் குடும்பத்து இளைஞர் ஒருவர், அம்பாளைத் தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுக்க முடியாதா என்று காதோடு கேட்டார். கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்றேன். அது கோயில் விதி. ஆனால் விதிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. தீபாராதனையின்போது வெறுங்கையோடு அபிராமியின் முன் நின்றேன். 1989இல் அதே இடத்தில் நின்றபோது வெளிச்சத்தின் அளவையும் எஞ்சிய படங்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தேனேயன்றி, அவளை நான் பார்க்கவில்லை.

ஆல்பம் அச்சாகி வந்ததும், உரியவர்களிடம் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் காட்டினேன். அப்போது அவளுக்கு எண்பத்தைந்து வயது. யாரோ ஒரு தம்பதியின் படங்களை ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். கலசாபிஷேகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எங்களுக்கும் இப்படித்தான் குடம் குடமாய் ஊற்றினார்கள். உங்கப்பாவுக்குப் பல் தந்தியடித்தது. 'என்ன, இரண்டாம் கல்யாணத்துக்கே இப்படி நடுங்குகிறீர்களே' என்றேன். சிரித்துவிட்டார். சாஸ்திரிகள் முறைத்தார்."

முப்பத்துமூன்று ஆண்டுகளில் அன்றைய தினத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுவே முதல் முறை. நான் அவள் பக்கத்தில் தரையில் அமர்ந்து, "அப்புறம்?" என்றேன்.