நீட்டிய கை

டிசம்பரில் ஐரோப்பா போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், கோட்டைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போங்கள் என்பேன். மத்தியானம் மூன்றரை மணிக்குப் போங்கள். அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கடைகளில் விளக்குகள் துலங்கிவரும் அந்த ஒரு மணி நேரத்தை நின்று பார்க்கவேண்டும். முதல் முறை போனபோது நான் நிற்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

1989 டிசம்பர். எனக்கு 38 வயது. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை, புதிதாக வாங்கிய இயந்திரத்தைப் பழகிவர என்னை ஆறு வாரம் ஜெர்மனிக்கு அனுப்பியது. நியூரம்பெர்க் நகரத்தில் தங்கியிருந்தேன். தினப்படியை அன்றைய ஜெர்மன் நாணயமான மார்க்காகக் கொடுத்தார்கள். ஒரு மார்க் அப்போது ஏறக்குறைய ஒன்பது ரூபாய். எதைப் பார்த்தாலும் மனசு ஒன்பதால் பெருக்கிவிடும். ஊருக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். அதற்காக ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டி, தயிரோடு முடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சும்மா நடந்து போனவன் சந்தைக்குள் நுழைந்துவிட்டேன். மாதா கோவிலுக்கு முன்னால் பெரிய சதுக்கம். அதில் வரிசை வரிசையாக மரக்கடைகள், மேலே சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட துணிக்கூரை. மரத்தாலும் துணியாலும் ஆன சின்ன ஊர் என்று அதைச் சொல்வார்கள். 1628ஆம் ஆண்டு யாரோ ஒருவருக்கு இந்தச் சந்தையிலிருந்து பரிசாகப் போன ஒரு மரப்பெட்டி இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1945 ஜனவரி 2ஆம் தேதி குண்டு வீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது. மூன்றே வருஷத்தில், 1948இல், அந்த மக்கள் சந்தையை மறுபடி கூட்டினார்கள். வீடு கட்டி முடிவதற்குள் சந்தை கூட்டியிருக்கிறார்களே என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னை இழுத்தது வாசனை. கிராம்பு, பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய். அந்தக் குளிரில், கல்யாண வீட்டுச் சமையற்கட்டு பக்கம் போய்விட்டதுபோல் இருந்தது. லெப்கூகென் என்ற பலகாரம் அது. நல்ல ரகத்தில் மாவு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் போகக்கூடாது, கொட்டைப் பருப்பு குறைந்தது இருபத்தைந்து பங்காவது இருக்கவேண்டும். கீழே காகிதம்போல் மெல்லிய அப்பம் ஒன்றை வைத்துச் சுடுகிறார்கள். இந்தப் பலகாரத்துக்கு வேண்டிய தேன் ஊரைச் சுற்றியிருந்த காட்டில் கிடைத்தது. மிளகும் பட்டையும் நம் பக்கத்துக் கரைகளிலிருந்து கப்பல் ஏறி, வெனிஸ் வழியாக அந்த ஊர் வணிகர்கள் கைக்கு வந்தன. நம் ஊர்ச் சரக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்து எனக்காகக் காத்திருக்கிறது என்று அப்போது யோசிக்கத் தெரிந்திருந்தால், ஒரு பொட்டலமாவது வாங்கியிருப்பேன். விலைப் பலகையைப் பார்த்தேன். பெருக்கினேன். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பையன்கள். மெல்லிய கோட்டு, பழைய மோஸ்தர். அந்த மனிதர் நோட்டுகளை எண்ணி, திரும்ப எண்ணி, ஒரு சின்னப் பொட்டலம் வாங்கினார். கடைவாசலிலேயே பிரித்து, பையன்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாவதை இரண்டாக விண்டு மனைவிக்குப் பாதி கொடுத்தார். நிமிர்ந்தவர், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டார். சிரித்தார். கையில் மிச்சமிருந்த பாதியை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு அப்போது ஜெர்மனில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். 'நைன்' என்றேன். வேண்டாம் என்று தலையையும் ஆட்டினேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? எங்கள் வீட்டில் கஷ்டம் உண்டு. அதனாலேயே, பிறத்தியார் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டுக் குடிக்காதே என்று சொல்லி வளர்த்தார் அப்பா. கை நீட்டக்கூடாது என்பதுதான் எங்கள் சொத்து. அதை அங்கேயும் கொண்டுபோயிருந்தேன். கௌரவமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடுதான் அன்று படுத்தேன்.

திங்கட்கிழமை, எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். எப்படி வந்திருந்தார்கள் என்று கேட்டார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் சின்னச் சின்னக் கார்கள் நின்றன, நம் ஊர் ஸ்கூட்டர்போலப் புகை விட்டன என்றேன். அவை ட்ரபான்ட், கிழக்கு ஜெர்மனிக் கார்கள் என்றார். நவம்பர் 9ஆம் தேதிதான் பெர்லின் சுவர் திறந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மேற்கு ஜெர்மனி அரசு தலைக்கு நூறு மார்க் வரவேற்புப் பணமாகக் கொடுத்தது. அவர்கள் காசுக்கு இங்கே மதிப்பில்லை. அநேகமாக அந்தப் பணம்தான் கையிருப்பு. அதைத்தான் அவர் அப்படி எண்ணியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லை தாண்டி வந்து வாங்கிய பலகாரத்தில், தன் வாய்க்கென்று வைத்திருந்த பாதி அது.

பெரியவர் வேறொன்றும் சொல்லவில்லை. நானும் வேலையைப் பார்த்தேன். டூ-இன்-ஒன் வாங்கினேன். ஏழெட்டு வருஷம் பாடியது. அந்தப் பாதிப் பலகாரம் மட்டும் இன்னும் மனசில் இருக்கிறது. கொடுக்கிறவர் மனசு குளிர வாங்கிக்கொள்வதும் ஓர் ஈகைதான் என்பது புரிய எனக்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது. அன்று நான் மிச்சப்படுத்தியது என் கௌரவத்தை. செலவழித்தது அவருடைய சந்தோஷத்தை.

மகளுக்கு எர்லாங்கன் நகரத்தில் வேலை கிடைத்தது. 2018 டிசம்பரில் நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கிருந்து நியூரம்பெர்க் ரயிலில் கொஞ்ச நேரம்தான். இந்தத் தடவை மூன்றரைக்கே போய்விட்டோம். பேத்திக்கு ஆறு வயது. குழந்தைகளுக்கென்று தனியாக இருக்கும் சந்தையில் இரண்டடுக்கு ராட்டினம் ஏறினாள். உலர்ந்த பிளம் பழங்களைக் கோத்து உடம்பும், அக்ரூட் கொட்டையில் முகமும் செய்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து விசாரித்தாள். நான் எதையும் பெருக்கவில்லை. லெப்கூகென் இரண்டு பொட்டலம் வாங்கினேன். மனைவி முகர்ந்து பார்த்து, 'ஏலக்காய் நம்மளுதுதான்' என்றாள்.

சந்தையில் உட்கார நாற்காலி கிடையாது. உயரமான மேஜைகள் இருக்கும், தெரியாதவர்களோடு சேர்ந்து நிற்கவேண்டும். எனக்கு அதுதான் பிடித்த ஏற்பாடு. குழந்தைகளுக்கான சூடான பழரசத்தை வாங்கிக்கொண்டு நின்றோம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். எதிரே என் வயதில் ஒருவர், சுட்ட கஷ்கொட்டையைக் காகிதக் கூம்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டார். பேத்தி அதையே பார்த்தாள். அவர் கூம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் என்னைப் பார்த்தாள். 'எடுத்துக்கோம்மா' என்றேன்.

அவர் கூம்பை என் பக்கமும் திருப்பினார். கையுறையைக் கழற்றி ஒன்று எடுத்தேன். சூடு விரலைச் சுட்டது. சக்கரைவள்ளிக் கிழங்குபோல ஒரு தித்திப்பு. இன்னொன்று எடுங்கள் என்று சைகை காட்டினார். எடுத்தேன். எங்கள் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பேத்தி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

'தாத்தா, டாங்கே சொல்லு.'

சொன்னேன்.