போதும் என்றொரு பெயர்

பெற்றோர் குழந்தைக்கு வழங்கும் முதற்கொடை பெயர். ஊட்டுவதும் உடுத்துவதும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பெயரோ, அக்குழந்தை முதுமை எய்தி மறைந்த பின்னரும் ஏட்டிலும் கல்லிலும் நின்றுகொண்டிருக்கும். அதிலும் மலேசியத் தமிழராகிய நம்மில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. ‘அனாக் பெரம்புவான்’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கத்துக்குப் பின் நிற்பது தந்தையின் பெயர். முன்னே நிற்கும் ஒரு சொல்தான் அந்தப் பெண்ணுக்கே உரியது. அந்த ஒரு சொல்லை நாம் எத்துணை எண்ணிப் பார்த்துத் தேர்கிறோம்?

இவ்வினாவை மற்றவரை நோக்கிப் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னை நோக்கிக் கேட்டுக்கொள்ளும் நிலை 2023ஆம் ஆண்டில், எனக்குப் பேத்தி பிறந்தபோது வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, முதலாம் ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து வருபவன் நான். பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேடுகள் ஒருவகையில் வரலாற்று நூல்கள். தொடக்ககாலப் பக்கங்களில் முனியம்மா, அஞ்சலை, காளியம்மா, லெட்சுமி எனத் தோட்டத்துத் தெய்வங்களின் பெயர்களும் பாட்டிமாரின் பெயர்களும் நிறைந்திருக்கும். அடுத்துவரும் பக்கங்களில் தமிழ்ச்செல்வி, மணிமேகலை, கண்ணகி, அன்பரசி ஆகியோர் வந்து அமர்வார்கள். இந்த மாற்றம் தானாக நேர்ந்ததன்று. வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளார் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்த பெரியாரின் பேச்சும், 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாளும் இந்நாட்டுத் தமிழரின் செவியைப் புதிய ஒலிகளுக்குப் பழக்கின. முதன்முதலாகத் தன் மகளைத் ‘தமிழ்ச்செல்வி’ என்று அழைத்த தந்தையைப் பார்த்து அயல்வீட்டார் புருவம் உயர்த்தியிருப்பர். இன்று அப்பெயரில் எவருக்கும் வியப்பில்லை. புதுமைப் பெயர் என்பது பெரும்பாலும் ஒரு தலைமுறைக் காலப் புதுமையே.

அதற்கும் பின்வந்த பக்கங்களில் வேறொரு போக்கைக் கண்டேன். விண்மீனுக்குரிய எழுத்தும் எண் கணிதமும் சேர்ந்து ஆக்கிய பெயர்கள் பெருகின. கூட்டுத்தொகை பொருந்துவதற்காக உரோம எழுத்துகள் தேவையின்றி இரட்டித்தன. தன் பெயரை எழுதச் சொன்னபோது பாதியில் நிறுத்தி, மீதி எழுத்துகளை என் மேசைமீதிருந்த பதிவேட்டில் தேடிய ஏழு வயதுச் சிறுமியை நான் மறக்கவில்லை. “உன் பெயருக்கு என்னம்மா பொருள்?” என்று கேட்டேன். “தெரியாது சார். ஆனா நல்ல நம்பர்” என்றாள். அன்று ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

பேத்தி பிறந்தது அனுஷ விண்மீனில். அதற்குரிய எழுத்துகள் ந, நி, நு, நே. “அந்த எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றார் சம்பந்தியம்மாள். மருமகன் தம் கைப்பேசியில் நீண்டதொரு பட்டியல் வைத்திருந்தார். அதிலிருந்த பெயர்களுள் பல, கேட்பதற்கு இனியவை. பொருள் காண்பதற்கு அரியவை. நானோ எவரும் கேளாமலே களத்தில் இறங்கினேன். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய பெண்பாற் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். “நச்செள்ளை என்று வைப்போம். எழுத்தும் பொருந்துகிறது, சங்கப் புலவரின் பெயராகவும் அமைகிறது. இந்நாட்டில் வேறெந்தக் குழந்தைக்கும் இப்பெயர் இருக்காது” என்றேன். கடைசிச் சொற்றொடரைச் சொல்லும்போது என் குரலில் பெருமிதம் இருந்தது.

என் மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு அமைதியாகக் கேட்டாள்: “அப்பா, பள்ளியில் முதல் நாள் எழுந்து நின்று இந்தப் பெயரைச் சொல்லப்போவது நீங்களா, அவளா?”

எனக்குச் சுருக்கென்றது. எண்ணுக்காகப் பெயரிட்ட பெற்றோரைக் குறைகூறிய நான், என் புலமைக்காகப் பெயரிட முயன்றேன். இரண்டிலும் குழந்தை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. நச்செள்ளை என்பது உயர்ந்த பெயரே. ஆயினும் நான் அதனைத் தேர்ந்தது, கேட்பவர் என்னை நோக்கி வியக்க வேண்டும் என்பதற்காக. பேத்தியின் நெற்றியில் என் நூலறிவை ஒட்டிவைக்கப் பார்த்தேன்.

இவ்வுரையாடல் நடந்த கூடத்தின் மூலையில் என் தாயார் அமர்ந்திருந்தார். அவர் பெயரைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும்.

1979ஆம் ஆண்டு எனக்கு 12 வயது. அடையாளக் கார்டுக்கு விண்ணப்பிப்பதற்காக என் பிறப்புப் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அதுவரை என் தாயின் பெயர் பொன்னம்மாள் என்றே எண்ணியிருந்தேன். தோட்டத்தில் எல்லாரும் அவரைப் ‘பொன்னு’ என்றுதான் அழைத்தனர். பத்திரத்தில், தாயின் பெயருக்குரிய கட்டத்தில் ‘போதும்பொண்ணு’ என்று இருந்தது. தவறாக எழுதிவிட்டார்கள் போலும் என்று எண்ணி, “அம்மா, உங்கள் பெயரைக் கிராணி பிழையாக எழுதிவிட்டாரா?” என்று கேட்டேன். “பிழை இல்லப்பா. நான் நாலாவது பொட்டப்புள்ள. இனிமே பொண்ணு போதும்னு வெச்சாங்க” என்றார். அரிசி களைந்த கை நிற்கவில்லை.

இத்தகைய பெயர்கள் தமிழரிடையே அரியன அல்ல. தொடர்ந்து பெண் பிறந்தால், போதும் என்றோ வேண்டாம் என்றோ பொருள்படப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது பழைய நம்பிக்கை. முன்பிறந்தவை இறந்துபட்ட வீடுகளில், கூற்றுவன் கண்ணில் படாதிருக்கக் குப்பை, பிச்சை என்று பெயரிடும் வழக்கமும் உண்டு. குப்பை என்னும் பெயரில், இக்குழந்தையாவது பிழைக்கட்டும் என்ற ஏக்கம் ஒளிந்திருக்கிறது. போதும் என்னும் பெயரில் அந்த ஏக்கம் இன்னும் பிறக்காத ஒருவனுக்காக ஒலிக்கிறது. பெயரைச் சுமப்பவளோ தொட்டிலில் கிடக்கிறாள்.

என் தாயார் 1946இல் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருக்கு அடுத்துப் பிறந்தவர் என் மாமா. அதனால் அப்பெயர் ‘பலித்தது’ என்று ஊரார் கொண்டாடினர். “ராசியான பேரு” என்று என் தாயைப் பாராட்டினர். தாம் வேண்டப்படவில்லை என்பதையே தம் சிறப்பாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். மருந்தகத்தில் பெயரை உரக்கக் கூப்பிடும்போது, பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து விரைந்து சென்றுவிடுவார். இது வெட்கத்தினால் என்பதை நான் ஆசிரியரான பின்புதான் அறிந்துகொண்டேன்.

மகளின் வினாவுக்குப்பின் இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மகளே வந்து, “அப்பா, சங்க இலக்கியத்தில் வாயில் எளிதாக வரும் பெயர் ஒன்றும் இல்லையா?” என்றாள். பதிற்றுப்பத்தையே மீண்டும் எடுத்தேன். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி 1904இல் அச்சேற்றிய நூல் அது. அதன் இரண்டாம் பத்தின் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் பெற்றோரைக் குறிப்பிடுகிறது. தந்தை உதியஞ்சேரல், தாய், வெளியன் வேண்மாள் நல்லினி. அந்தப் பெயரைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன்; நின்று பார்த்ததில்லை. மகள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மருமகன் சொல்லிப் பார்த்தார். ‘ந’ என்று தொடங்குவதால் சம்பந்தியம்மாளும் உடன்பட்டார்.

“என்ன பேரு?” என்று மூலையிலிருந்து கேட்டார் தாயார்.

“நல்லினி, அம்மா.”

அவர் அதை இரண்டாகப் பிரித்துச் சொல்லிப் பார்த்தார்: “நல்ல... இனி.” பிறகு குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு, “எனக்குப் போதும்னு வெச்சாங்க. இவளுக்கு இனின்னு வெக்கிறீங்க. வைங்க” என்றார்.

‘இனி’ என்பதை இனிமை என்னும் பண்பின் அடியாகக் கொண்டு, நல்லவளும் இனியவளும் ஆனவள் என்று விளக்கம் கூற ஆயத்தமாக இருந்தேன். கூறவில்லை. இனி என்பதற்குக் காலம் குறிக்கும் பொருளும் தமிழில் உண்டு. எழுபத்தேழு ஆண்டுகள் தம் பெயரின் பொருளைச் சுமந்தவர், கொள்ளுப்பேத்தியின் பெயருக்குப் பொருள் உரைத்திருக்கிறார். எதற்காக அதைத் திருத்த வேண்டும்?

பதிவு செய்வதற்கு முன், மருமகன் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். உரோம எழுத்தில் ‘எல்’ ஒன்றுதான் இருந்தது. அவ்வாறு பதிந்தால் படிப்பவர் நளினி என்றே படிப்பர். நளினி தாமரையைக் குறிக்கும் அழகிய வடசொல். ஆனால் அது வேறு பெயர். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வருமிடத்து இரட்டிக்கும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் புணர்ச்சி விதியால்தான் நல், இனி இரண்டும் சேர்ந்து நல்லினி ஆகின்றன. எண்ணுக்காக எழுத்தை இரட்டிப்பது வேறு. சொல்லுக்காக இரட்டிப்பது வேறு. மருமகன் சிரித்துக்கொண்டே இன்னொரு ‘எல்’ சேர்த்தார். பதிவு முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, “செடாப் நாமா” என்றாராம். நாவின் சுவைக்கும் செவியின் இனிமைக்கும் மலாயில் அந்த ஒரே சொல் வழங்குகிறது. நான் கூறாமல் விட்ட விளக்கத்தை அவர் கூறிவிட்டார்.

பெயர்சூட்டு நாளில், குழந்தையின் காதில் மும்முறை பெயரைச் சொல்லும் உரிமையை என் தாயாருக்கு அளித்தோம். அன்று மாலை, “உங்கள் பெயரையும் மாற்றிக்கொள்ளலாமே, அம்மா. முறைப்படி விண்ணப்பித்துப் பார்ப்போம்” என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். “இத்தன வருஷம் அதுக்குத்தான் திரும்பிப் பார்த்தேன். இனிமே வேற பேர்ல கூப்பிட்டா யாரையோ கூப்பிடுறாங்கன்னு இருந்துடுவேன்” என்றார். பெயரை வென்று வாழ்ந்தவருக்கு அதை மாற்றவேண்டிய தேவை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருப்பதனால்தானோ என்னும் ஐயம் இன்னும் உண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கும் நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். ஆண்டின் முதல் நாளன்று பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிடுவோம். பழகாத பெயரொன்று வரும். அதைப் பார்த்துப் புன்னகை செய்வதற்கு முன், அந்தக் குழந்தையிடமே எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டறிந்து, பிழையின்றி ஒருமுறை சொல்லுவோம். அப்பெயர் அவள் தேர்ந்ததன்று. ஆனால் அதைக் கேட்டு எழுந்து நிற்பவள் அவள்தான். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தோட்டப் பள்ளியில் எவரேனும் என் தாயின் பெயரைச் சிரிக்காமல் கூப்பிட்டிருந்தால், அவர் மருந்தகத்தில் அவ்வளவு விரைந்து எழுந்திருக்க மாட்டார்.