தபாலில் வராத பற்றரி

வெளிநாட்டுத் தபாலில் அனுப்பக்கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்று எல்லா நாடுகளிலும் உண்டு. வெடிமருந்து, பெற்றோல், அமிலம், நஞ்சு, போதைப்பொருள் என்று அது நீளும். இவற்றை ஏன் அனுப்ப முடியாது என்று யாரும் கேட்கமாட்டோம். ஆனால் அதே பட்டியலில் இலிதியம் பற்றரியும் இருக்கிறது என்பது கடந்த வருடம் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கைத்தொலைபேசி, மடிக்கணினி, டோர்ச், பவர் பேங்க் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு வீட்டில் ஏழெட்டாவது தேறும். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறங்குகிறோம். அதைத் தபாலில் எடுக்கமாட்டார்கள் என்றால் யார் நம்புவார்?

எங்களுக்கு இது தெரிய வந்தது உம்மும்மாவின் காதினால்தான்.

உம்மும்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு காதும் மந்தம். லண்டனிலிருக்கும் மாமா வாங்கிக் கொடுத்த கேட்கும் கருவியைப் போட்ட பிறகுதான் அவர் மீண்டும் வீட்டுக் கதைகளுக்குள் வந்தார். கருவி போட்ட முதல் நாள், "பாங்கு கேக்குது புள்ள" என்று சொல்லி அழுதார். அது சார்ஜ் போட்டுப் பாவிக்கும் வகை. இரண்டு வருடம் போனதும் சார்ஜ் நிற்கவில்லை. சுபஹுக்குப் போட்டால் லுஹருக்கு முன்பே இறங்கிவிடும். கல்முனையில் திருத்தக் கொடுத்தபோது கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "சாமான் நல்லாத்தான் இரிக்கி. பற்றரிதான் முடிஞ்சி. இந்த அளவு இஞ்ச இல்ல" என்றார்.

மாமா அங்கே அதே அளவில் ஒரு பற்றரி வாங்கிப் பொதி கட்டித் தபாலுக்குக் கொண்டுபோனார். உள்ளே என்ன என்று கேட்டார்கள். சொன்னார். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு மாமா கோல் எடுத்தபோது, நாங்கள் உம்மும்மாவுக்குச் சத்தம் போட்டு விஷயத்தை விளங்கப்படுத்தினோம். அவர், "குண்டுமணி அளவு சாமானுக்கு ப்ளேன் என்னத்த ஆகப் போகுது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த மாதங்களில் உம்மும்மா மெல்ல மெல்ல ஒதுங்கினார். எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டார். ஒரு மௌத்து வீட்டில் ஒருவர் அழுதபடி எதையோ சொல்ல, இவர் அதற்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "இனி நான் ஒரு எடமும் வரல்ல" என்றார். உம்மா அதைக் கேட்டு குசினிக்குள் போய்விட்டார்.

உறவினர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். பொதியின் சுங்கத் தாளில் விளையாட்டுச் சாமான் என்று எழுதினால் போதுமாம், ஆர் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். உம்மாவுக்கு அரை மனது. வாப்பா மட்டும், "அது அமானிதம். பொய் எழுதி வரவேண்டாம்" என்று நின்றுகொண்டார். பொய் என்பதற்கு அப்பால் அதில் வேறென்ன இருக்கிறது என்று அறிய எனக்கு ஆசை வந்தது. எங்கள் இரசாயனவியல் ஆசிரியையிடம் கேட்டேன். பிறகு நானாகவும் தேடி வாசித்தேன்.

இலிதியம் அயன் பற்றரிக்குள் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே தாளை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறது. உள்ளே ஊறியிருக்கும் திரவம் நீரல்ல, எளிதில் தீப்பற்றும் சேதனக் கரைப்பான். அடிபட்டோ, நசுங்கியோ, தயாரிப்புக் குறையாலோ அந்தத் தடுப்பு கிழிந்தால் உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகிச் சூடேறும். சூடு தாக்கத்தை வேகமாக்கும். தாக்கம் இன்னும் சூட்டைத் தரும். ஒரு கட்டத்துக்குப் பின் அதை நிறுத்த முடியாது. சில வகைகளில் கதோட்டிலிருந்தே ஒட்சிசன் வெளிவருவதால், காற்றைத் தடுத்து அணைப்பதும் கடினம். விமானத்தின் சரக்கறையிலுள்ள அணைக்கும் வாயு சுவாலையை அடக்கும், சூட்டைத் தணிக்காது. ஒரு கலம் பக்கத்திலிருப்பதைப் பற்ற வைக்கும், அது அடுத்ததை. இந்தப் பற்றரியை உருவாக்கிய மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுள் ஒருவரான ஜோன் குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. பரிசுக்குரிய பொருளும் தடைப்பட்ட பொருளும் ஒன்றேதான்.

2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து ஜேர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. புறப்பட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. விமானிகள் டுபாய்க்குத் திரும்ப முயன்றார்கள். விமானியறையில் புகை மண்டி, கண்முன்னால் இருக்கும் கருவிகளையே அவர்களால் பார்க்க முடியவில்லை. விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அதில் பெருந்தொகையான இலிதியம் பற்றரிகள் இருந்தன. அவற்றுள் குறைந்தது மூன்று தொகுதிகள் அபாயப் பொருள் என்று அறிவித்திருக்க வேண்டியவை, ஆனால் அறிவிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. இதை வாசித்தபோது எங்கள் உறவினர் சொன்ன "விளையாட்டுச் சாமான்" என்ற சொல் நினைவுக்கு வந்து எனக்கு என்னவோ செய்தது. அடுத்த வருடம் ஜூலையில் தென்கொரியாவின் ஜெஜு தீவுக்கு அப்பால் ஏசியானா சரக்கு விமானமொன்றும் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. அதிலும் இலிதியம் பற்றரிகள் ஏற்றப்பட்டிருந்தன. அதிலும் இருவர் இறந்தனர்.

பிறகு விதிகள் இறுகின. 2012 மே 16 முதல் அமெரிக்கத் தபால் சேவை வெளிநாடுகளுக்கு இலிதியம் பற்றரி உள்ள எதையுமே எடுக்கவில்லை. கைத்தொலைபேசிகூடப் போகாது. அந்த நவம்பரில்தான், கருவிக்குள் பூட்டிய பற்றரிக்கு மட்டும் வழிவிட்டது. 2016 ஏப்ரல் 1 முதல், தனி இலிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடுத்தது. சரக்கு விமானமானாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் அனுப்பும் கடிதமும் பொதியும் பெரும்பாலும் பயணிகளின் காலடியில், அதே விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன என்பதை இங்கே யோசிக்க வேண்டும்.

சர்வதேச தபால் விதியின்படி, பற்றரி கருவிக்குள் பூட்டியிருந்தால் ஒரு பொதியில் நான்கு கலங்கள் அல்லது இரண்டு பற்றரிகள் வரை போகலாம். ஒரு கலம் 20 வாற்று மணித்தியாலத்துக்கும், ஒரு பற்றரி 100 வாற்று மணித்தியாலத்துக்கும் மேற்படக்கூடாது. இது சின்னக் கணக்குத்தான். 5,000 மில்லி அம்பியர் மணித்தியாலக் கைத்தொலைபேசிப் பற்றரியை 3.7 வோல்ற்றால் பெருக்கினால் 18.5 வரும். உம்மும்மாவின் பற்றரி ஒன்றைக்கூடத் தொடாது. ஆனாலும் தனியாக வந்தால் அளவைப் பார்ப்பதில்லை, முடியாது என்பதுதான் பதில். கருவிக்குள் இருந்தால் கூடு காக்கிறது, முனைகள் சாவியிலோ சில்லறைக் காசிலோ முட்டுவதில்லை. அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது. கவுன்டரில் இருப்பவர் ஒவ்வொரு பற்றரியையும் அளந்துகொண்டிருக்க முடியாது என்பதும் விளங்குகிறது.

விளங்காதது வேறொன்று. அபாயப் பொருள் அனுப்பும் அனுமதி பெற்ற கம்பனிகளுக்கு உரிய கட்டணம் கட்டினால் அதே பற்றரி போகும். ஆகவே வழியே இல்லை என்றில்லை, வசதியுள்ளவருக்கு உண்டு. அதை விட, இரண்டு வருடத்தில் முடியும் பற்றரியை வைத்துக் கருவி செய்பவர்கள் அது எந்தக் கடையிலும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டாமா? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பழைய வகைக் கருவி போட்டிருக்கிறார். அதற்கு நாகம்–வளிக் கலம். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யும். பாமசியில் கிடைக்கிறது. இலிதியம் இல்லாததால் இந்தத் தடையும் அதற்கில்லை.

நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். பற்றரியைக் கழற்றிக் கருவியை மட்டும் லண்டனுக்கு அனுப்புவது, மாமா புதியதைப் பூட்டி அனுப்புவது. சட்டப்படி சரிதான். ஆனால் போக ஒரு மாதம், வர ஒரு மாதம். உம்மும்மா விடவில்லை. "அரை நாளாவது கேக்குதே, அதையும் பறிக்கப் போறீங்களா?" என்றார்.

கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி அதைக் கைப்பையில் கொண்டுவந்தார். மேலதிகப் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போட்டுக் கீழே விடக்கூடாது. ஆட்கள் இருக்குமிடத்தில் புகை வந்தால் உடனே தெரியும், தண்ணீர் ஊற்றலாம். மாமா முனைகளில் டேப் ஒட்டித் தனி உறையில் கொடுத்திருந்தார்.

கடைக்காரருக்குப் பூட்டப் பத்து நிமிடம்தான் எடுத்தது. உம்மும்மா அன்றிரவு இஷாவுக்குப் பிறகும் கருவியைக் கழற்றாமல் எங்கள் எல்லோருடைய கதையிலும் குறுக்கே வந்துகொண்டிருந்தார்.

பழைய பற்றரிக்கும் டேப் ஒட்டி ஒரு சிறிய போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். குப்பை வண்டியில் போட வாப்பா விடவில்லை, கடைக்காரரும் எடுக்கவில்லை. எங்கே கொடுப்பது என்று வாசிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வகுப்பில் வந்து சொல்லுங்கள்.